பச்சை மைக் கடிதம்

சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கார் இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கிற வேலை. கழுத்தைத் திருப்பவே முடியவில்லை என்று எழுதிக் கொடுத்த ஒருவர், அடுத்த கிழமை கலியாண வீட்டில் சோற்றுக் கிடாரம் தூக்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் யாராவது என்னோடு அன்பாகக் கதைத்தால் இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன். ஆனால் இது வேலையால் வந்த குணம் இல்லை. கம்பஸில் படித்த காலத்திலேயே எனக்கு 'சி.ஐ.டி.' என்று பட்டம் தெளித்துவிட்டார்கள். ஜெயந்தன் என்ற என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட எனக்குத்தான் போன மே மாதம் என்னோடு கம்பஸில் படித்த கோணேஸ்வரன் போன் எடுத்தான். இருபத்தைந்து வருடமாக இருவரும் இதே ரொறன்ரோவில் இருக்கிறோம். அவன் மல்வேர்னில் இருந்துகொண்டு பஸ் ஓட்டுகிறான். றிச்மண்ட் ஹில் கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். அவன் எனக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"மச்சான், எங்கட கம்பஸ் பச்சின்ர முப்பதாவது வருச ஒன்றுகூடல் வருது. நீயும் நிஷாந்தியும் கட்டாயம் வரவேணும். நீங்கள் ரெண்டு பேரும் இருக்கேக்க நான் ஒண்டு காட்ட வேணும்."

"என்னத்தைக் காட்டப் போறாய்?"

"வந்து பாரன்."

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். நான் கையில் போனோடு குசினியில் நின்றேன். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்களோடு கம்பஸில் சேர்ந்த பச்சில் டிகிரி எடுக்காமல் போன ஒரே ஆள் கோணேஸ்வரன். இரண்டாம் வருடத்தில் விடுதியில் அவனும் நானும் இரத்தினவேலும் ஒரே அறை. கோணேஸ் ஆறடி மூன்று அங்குலம், அவனுக்கு 'ஏணி' என்று பெயர். எங்கள் கம்பஸில் ஜூனியர் பிள்ளைகள் சீனியரின் சொந்தப் பெயரைக் கேட்கவே கூடாது. பட்டப்பெயரோடு அண்ணாவைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ராகிங் செய்கிறவர்களுக்கு அந்த வழக்கம் நல்ல பாதுகாப்பு. விசாரணை வைத்தாலும் ஒரு ஜூனியரால் 'ஏணி அண்ணா செய்தவர்' என்றுதான் சொல்ல முடியும். ஏணியை எந்தப் பெயர் இடாப்பில் தேடுவது?

ஒரு நாள் பின்னேரம் முதலாம் வருடப் பையன் ஒருவனைக் கிணற்றுக்கட்டில் இரண்டு மணித்தியாலம் முழங்காலில் நிற்க வைத்தோம். வைத்தோம் என்றுதான் சொல்லுகிறேன். கோணேஸ் கட்டளை போட்டான், இரத்தினவேல் வேடிக்கைக் கேள்விகள் கேட்டான், நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். பையனுக்கு முழங்கால் கிழிந்துவிட்டது.

மூன்றாம் நாள் விடுதிப் பொறுப்பாளர் அமிர்தநாதர் சேருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதில் கோணேஸின் பெயர் மட்டும் இருந்தது. அதுவும் ஏணி இல்லை, 'குஞ்சித்தம்பி கோணேஸ்வரன்' என்று முழுப்பெயர். தகப்பன் பாடசாலை அதிபர் என்பதும், ஊரும், வீட்டு இலக்கமும் எழுதியிருந்தது. அவனுக்கு இரண்டு வருடம் வகுப்புத் தடை விதித்தார்கள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவன், அடுத்த வருடமே கனடாவுக்கு வந்துவிட்டான்.

சேர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார்.

"இது ஆற்ற எழுத்து எண்டு தெரியுமோ?"

கொப்பியில் கிழித்த ஒற்றை. எழுத்துகளை அச்சுப்போலச் சதுரம் சதுரமாக எழுதியிருந்ததால் எழுத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மை பச்சை நிறம்.

"தெரியாது, சேர்," என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பச்சில் பச்சைப் பேனை வைத்திருந்தவள் ஒருத்திதான். நிஷாந்தி. கொழும்பிலிருந்து மாமி அனுப்பிய பேனை. நோட்ஸில் தலைப்புகளை மட்டும் அதால் எழுதுவாள். அவளுடைய நோட்ஸைப் பார்த்துத்தான் நான் சோதனைகளில் தப்பிக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாதா அந்தப் பச்சை? அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் கோணேஸ் அவளுக்கு ஒரு காதல் கடிதம் கொடுத்திருந்தான். அடியில் முழுப்பெயர், தகப்பன் பெயர், வீட்டு இலக்கம் எல்லாம் எழுதியிருந்தானாம். "வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் மாட்டேன் என்ற பிறகும் அவன் விடவில்லை. அவள் நூலகத்துக்குப் போனால் படியில் நின்று பாட்டுப் படித்தான்.

ஆகப் பெயரும் தெரியும், கோபமும் இருக்கிறது, பேனையும் கையில். போதாததற்கு அந்தக் கிழமையோடு அவளுடைய நோட்ஸில் தலைப்புகள் எல்லாம் நீலத்துக்கு மாறிவிட்டன. இதைவிட ஒரு விசாரணைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் 'ஓம்' என்று சொல்லிவிடுவாள் என்ற பயம். அவளில் எனக்கு அவ்வளவு விருப்பம். அதைச் சொல்ல இப்போதும் எனக்கு வெட்கமில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் இங்கே ரொறன்ரோவில் அவளைக் கட்டினேன்.

கட்டிய பிறகும் அந்தக் கடிதம் எங்களோடுதான் குடியிருந்தது. ஒருமுறை எழுதிய கை மறுபடியும் எழுதாதா? வீட்டுக்கு வருகிற எந்தப் படிவத்தையும் நானே நிரப்புவேன். மகள் மதுராவின் பள்ளிக்கூடப் படிவம், வரிப் படிவம், நிஷாந்தியின் பாஸ்போர்ட் படிவம்கூட. அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். "எங்கட வீட்டில எழுத்து வேலை முழுக்க இவர்தான்" என்று ஆட்களிடம் சொல்லுவாள். பெருமைக்குத்தான் சொல்லுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இப்போது கோணேஸ் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஏதோ காட்டப் போகிறானாம். வேறென்னத்தை? இருபத்தெட்டு வருடம் கழித்து, அத்தனை பேருக்கும் நடுவில், என் மனைவியைப் பார்த்துக் கையை நீட்டப் போகிறான். அதைத் தடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிக்கரிங்கிலிருந்து வெளிக்கிட்டோம். நான் மூன்று சேட்டு மாற்றியதைப் பார்த்து மதுரா, "அப்பா, இட்ஸ் ஜஸ்ற் எ ரீயூனியன். ரிலாக்ஸ் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். காரில் ஏறிய நேரம் தொடக்கம் நிஷாந்தி பட்டுச் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"கோணேஸ் என்னத்தைக் காட்டப் போறாராம்?"

"தெரியாது எண்டு சொன்னனே."

அது மூன்றாவது தடவை. கொஞ்சம் போக மறுபடி தொடங்கினாள்.

"நாங்கள் போகாமல் விட்டால் என்ன? உங்களுக்குத் தலையிடி எண்டு சொல்லுவம்."

"எனக்கு ஒரு தலையிடியும் இல்லை."

குற்றம் செய்தவர்கள் இப்படித்தான் கதைப்பார்கள் என்பது என் இருபது வருட அனுபவம். பாவமாகவும் இருந்தது. அவளுடைய கையைப் பிடித்து, பயப்படாதேயும், நான் இருக்கிறன் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பாளே.

நெடுஞ்சாலை 401-இல் ஏறும்போது காரின் திரையில் 'தம்பி' என்று விழுந்து மணியடித்தது. மொன்றியலில் இருக்கிற அவளுடைய தம்பி பிரதீபன். நிஷாந்தி சட்டென்று கையை நீட்டி அழைப்பை நிறுத்தினாள்.

"ஏன், கதையுமன்."

"பிறகு எடுப்பன்."

எப்போதும் இப்படித்தான். பிரதீபன் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் சிநேகிதர்களோடு இருந்துவிட்டு, இரண்டாயிரத்துப் பத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவன். பேஸ்மென்றில் அவனுக்குக் கட்டில் போட்டு, ரீவி பூட்டிக் கொடுத்தேன். பதினொரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் நான் வேலையால் வர ஆள் இல்லை. மொன்றியலில் வேலை கிடைத்துவிட்டதாம். இன்றைக்கும் ரொறன்ரோவுக்கு வந்தால் சிநேகிதன் வீட்டில் நின்றுவிட்டுப் போகிறான். அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு உள்ளே இருக்கிறது.

மண்டபம் ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டில். பின்னேரம் யாரோ ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு, பூப்புச் சடங்குக்கு, பதிந்திருந்தபடியால் எங்களுக்கு நாலு மணி வரைக்கும்தான் தந்திருந்தார்கள். மேடையில் அதற்கான ரோசா நிற அன்னச் சிம்மாசனம் ஏற்கனவே வந்து குந்தியிருந்தது. அதற்கு முன்னால் நின்றுதான் இரத்தினவேல் மைக் பிடித்தான். எங்கள் பழைய அறைத் தோழன் இப்போது றிச்மண்ட் ஹில்லில் வீடு விற்கிறான். ஒவ்வொரு மேசையிலும் தன்னுடைய படமும் போன் இலக்கமும் அடித்த பேனைகளைப் பரப்பி வைத்திருந்தான்.

அறுபது பேர் வரையில் வந்திருப்பார்கள். தலைமயிர் போனவர்களும் மை பூசியவர்களும் ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கட்டிப்பிடித்தார்கள். "டேய் சி.ஐ.டி." என்று நாலு பக்கத்திலும் எனக்குக் குரல் வந்தது. நான் மட்டன் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கோணேஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஒரு சிவப்பு மட்டைப் புத்தகத்தோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தான். ஓட்டோகிராப். எங்கள் கம்பஸில் கடைசி மாதம் எல்லாரும் எல்லாருடைய ஓட்டோகிராப்பிலும் எழுதவேண்டும், ஒருவரையும் விடக்கூடாது. கோணேஸ் கடைசி மாதம் வரைக்கும் அங்கே இருக்கவில்லை, அவனுக்கு ஓட்டோகிராப் இல்லை. ஆகவே இப்போது எழுதி வாங்குகிறானாம். மற்றவர்கள் "ஐயோ பாவம்" என்று வஞ்சகம் இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. இவன் கையெழுத்துச் சேர்க்கிறான். அவனுடைய மற்றக் கையில் ஒரு பிளாஸ்ரிக் பைல் இருந்தது. அதை அவன் ஓரிடத்திலும் கீழே வைக்கவில்லை.

எங்கள் மேசைக்கு வந்தான். கன்னத்தில் நரைத்த தாடி, அதே நீட்டுக் கழுத்து.

"நிஷாந்தி, சுகமோ? ரெண்டு பேரும் எழுதுங்கோ. தமிழிலதான் எழுத வேணும், சொல்லிப்போட்டன்."

தமிழில்தான் எழுத வேண்டுமாம். நான் புத்தகத்தைப் பிடித்தேன்.

"தா மச்சான், ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே எழுதிறன். எங்கட வீட்டில எழுத்து வேலை நான்தானே."

நான் பிடித்த அதே நேரம் நிஷாந்தி மற்றப் பக்கத்தால் பிடித்தாள்.

"நீங்கள் விடுங்கோ. இண்டைக்கு நான் எழுதிறன்."

"உமக்கேன் கரைச்சல், தாரும்."

"விடுங்கோ எண்டு சொல்லிறன்!"

பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. இருபத்து நாலு வருடத்தில் அவள் என் கையிலிருந்து ஒன்றையும் பறித்தவள் இல்லை. அன்றைக்குப் பறித்தாள். இரத்தினவேலின் பேனையை எடுத்து, தன் வழமையான உருண்டைக் கையெழுத்தில், ஒளிப்பு மறைப்பு இல்லாமல், ஆறு வரி எழுதினாள். அடியில் 'நிஷாந்தி, ஜெயந்தன்' என்று இரண்டு பெயரையும் தானே போட்டாள். கோணேஸ் வாசித்துவிட்டு, "இவன் ஒரு எழுத்தும் எழுதேல்லையே" என்றான். "அவருக்குக் கை நோ" என்றாள் நிஷாந்தி.

எனக்கு ஒரு நோவும் இல்லை. இது துணிச்சலா, இல்லாவிட்டால் பிடிபட்டால் பிடிபடட்டும் என்ற வெறுப்பா? அவளுடைய முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்த பிறகு 'மறக்க முடியாத நாள்' என்று ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொருவராக மேடைக்குப் போய்க் கம்பஸ் கதை ஒன்று சொல்ல வேண்டும். கன்ரீன் கதை, சோதனையில் பார்த்து எழுதிய கதை எல்லாம் போனது. பிறகு இரத்தினவேல், "அடுத்தது எங்கட ஏணி!" என்றான்.

கோணேஸ் அன்னத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். பைலைத் திறந்து ஒரு பழைய ஒற்றையை வெளியில் எடுத்தான். மண்டபத்தின் கடைசி மேசையில் இருந்தே எனக்கு அந்தப் பச்சை தெரிந்தது. உண்மையில் தெரிந்ததோ, தெரிந்தது என்று நினைத்தேனோ.

"இது உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்," என்றான். "என்னைக் கம்பஸால துரத்தின கடிதம். விசாரணை முடிய அமிர்தநாதர் சேர் இதை எங்கட அப்பாவிட்டக் குடுத்திட்டார். அப்பா போன மார்கழியில காலமானவர். பெட்டியைத் திறக்க இது கிடந்தது. சாகும் வரைக்கும் இதை எழுதினவனைத் திட்டிக்கொண்டேதான் மனுசன் செத்தது. எழுதின ஆள் இப்ப இந்த மண்டபத்துக்குள்ள இருக்கு. அதை இண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான்."

பரிமாறுகிறவர்கள் தட்டு அடுக்குவது மட்டும் கேட்டது. அவன் தலையை நிமிர்த்தி எங்கள் மேசைப் பக்கம் பார்த்தான். நிஷாந்தி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்.

நான் எழும்பினேன். யோசித்து எழும்பவில்லை. யோசித்திருந்தால் இருந்திருப்பேன். எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் அவள் என் மனைவி, அறுபது பேர் அவளைப் பார்த்து முகம் சுளிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

"கோணேஸ், அதை எழுதினது நான்," என்றேன். "என்னை மன்னிச்சிடு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் திரும்பியது நிஷாந்தியின் பக்கம். அவள் திடுக்கிடுவாள், அழுவாள், என் சட்டையைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மெதுவாக ஒருமுறை தலையை ஆட்டினாள். தெரிந்த செய்தியைக் கேட்டவர்கள் ஆட்டுவதுபோல.

மேடையில் கோணேஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு சிரித்தான்.

"விசர்க் கதை கதையாதை! இருடா. இதை எழுதினது நான்."

"என்ன?" என்றான் இரத்தினவேல், மைக் இல்லாமலே.

"நான்தான் எழுதினனான். என்னைப் பற்றி நானே. முதலாம் வருசச் சோதனை ரெண்டு தரமும் கோட்டை விட்டிட்டன். அப்பாவுக்குச் சொல்லேல்லை. அண்ணை கனடாவால வா வா எண்டு கூப்பிடுறார், அப்பா டிகிரி முடிக்காமல் படலையைத் தாண்டக் கூடாது எண்டிட்டார். நானாய் விட்டிட்டுப் போனால் அவர் என்ர முகத்தில முழிக்க மாட்டார். ஆரோ அநியாயமாய் என்னைத் துரத்தினால்? அப்ப அவர் என்ர பக்கம். அப்பிடித்தான் நடந்தது. 'என்ர பிள்ளைக்குச் சதி செய்துபோட்டாங்கள்' எண்டு அவரே என்னைப் பிளேனில ஏத்தினவர்."

அவன் ஒற்றையை உயர்த்திப் பிடித்தான்.

"என்ர பேனையால எழுதினால் பிடிச்சிடுவாங்கள். இவன் சி.ஐ.டி.யின்ர மேசையில ஆற்றயோ நோட்ஸ் கொப்பி கிடந்தது. அதுக்குள்ள ஒரு பச்சைப் பேனை இருந்தது. அதால எழுதிப்போட்டுப் பேனையைக் கிணத்துக்குள்ள போட்டிட்டன். முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுதினதும் வேணுமெண்டுதான். ஏணி எண்டு எழுதினால் என்னை ஆரும் தேடிப் பிடிக்க மாட்டினம். நீங்கள் எல்லாரும் அந்தப் பேரை வைச்சு ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டிருப்பியள் எண்டு எனக்குத் தெரியும். ஜெயந்தா, உன்னையும் இரத்தினவேலையும் கனபேர் பழி சொன்னவை. அதுக்குத்தான் உன்னைக் கட்டாயம் வரச் சொன்னனான், உங்களிட்ட மன்னிப்புக் கேக்க. அந்த நாளில நிஷாந்திக்குக் கரைச்சல் குடுத்ததுக்கு அவவிட்டயும்தான். நீ என்னடா எண்டால் எழும்பி நிண்டு நான்தான் எழுதினனான் எண்டுறாய்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். நான் பகிடிக்கு எழும்பினேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரத்தினவேல் வந்து என் முதுகில் அடித்து, "நீ திருந்தவே மாட்டாய்" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

இருபத்தெட்டு வருடம். அந்த முழுப்பெயரைத் தெரிந்தவர்கள் யார் யார் என்று நாங்கள் விரல் மடித்து எண்ணினோம். அந்தப் பெயரின் சொந்தக்காரனை மட்டும் ஒருவரும் எண்ணவில்லை. விசாரணைக்காரன் நானும் எண்ணவில்லை.

நிஷாந்தி சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "போவம்" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் சாமத்திய வீட்டுக்காரர் வான்களிலிருந்து தட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினோம். நான் சாவியைத் தொடவில்லை.

"நான் எழுதினன் எண்டுதானே நினைச்சீங்கள்?" என்றாள். "என்னைக் காப்பாத்தத்தான் எழும்பினீங்கள்."

பொய் சொல்ல வாய் வந்தது. இனி எதற்கு?

"ஓம்."

"எப்ப இருந்து?"

"சேர் கடிதத்தைக் காட்டின நாளில இருந்து. உம்மட பச்சை மை. பிறகு நீர் பச்சையில எழுதிறதையும் விட்டிட்டீர்."

"நான் எப்பிடி எழுதிறது? பேனை உங்களிட்ட எல்லோ இருந்தது. நோட்ஸ் கொப்பிக்குள்ள சொல்லாமல் வைச்சுத் தந்தனான், நீங்களும் தலைப்பைப் பச்சையில எழுதுவீங்கள் எண்டு."

"அறையில நான் கொப்பியைத் திறக்கேக்க பேனை இருக்கேல்லை."

"அது இப்ப தெரியுது. பச்சை மையில மொட்டைக் கடிதம் எண்டு கம்பஸ் முழுக்கக் கதை வந்த அண்டைக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். பேனையை உங்களிட்டக் குடுத்தனான், நீங்கள் திருப்பித் தரேல்லை."

அவள் தலை குனிந்து ஆட்டியது எனக்குக் கண்ணுக்குள் வந்தது. ஓட்டோகிராப்பைப் பறித்ததும் வந்தது. அவள் மறைத்தது தன் கையெழுத்தை இல்லை, என்னுடையதை.

"அப்ப, நான் எழுதினன் எண்டு நினைச்சுக்கொண்டோ என்னைக் கட்டினீர்?"

"ஓம். கோணேஸ் எனக்குப் பின்னால திரிஞ்சதாலதான் செய்தீங்கள் எண்டு நினைச்சன். அந்த வயசில அதுகும் ஒரு விருப்பம்தான் எண்டு மனசைத் தேத்திக்கொண்டன்." சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "பிறகுதான் பயம் வந்தது. ஒரே அறையில கூடப் படுத்து எழும்பினவனைக் காட்டிக் குடுத்த மனுசன் ஆரைத்தான் காட்டிக் குடுக்காது? நீங்கள் எனக்கு ஒரு போமும் நிரப்பத் தர மாட்டீங்கள். உங்களுக்கு எழுத்தில அவ்வளவு ஆசை எண்டு நினைச்சன். இன்சூரன்ஸில அந்த வேலையும் கிடைச்சிட்டுது."

"நிஷாந்தி..."

"தம்பி ஏன் மொன்றியலுக்குப் போனவன் எண்டு நினைக்கிறீங்கள்?"

"வேலை கிடைச்சதெண்டு..."

"அவன்ர அகதிக் கேஸ் ரிஜெக்ட் ஆகி, நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்கட பேஸ்மென்றில இருக்கேக்கதான். உங்களுக்குத் தெரிஞ்சால் நீங்கள் எழுதிப் போட்டிடுவீங்கள் எண்டு நான்தான் அவனை ராவோட ராவாய் அனுப்பினனான். அஞ்சு வருசம் ஒளிச்சிருந்துதான் இங்க இருக்கப் பேப்பர் எடுத்தவன். பிள்ளை பிறந்ததையும் ஒரு வருசம் கழிச்சுத்தான் உங்களுக்குச் சொன்னன். விலாசம் கேட்டிடுவீங்களோ எண்டு பயம்."

அந்தப் பையனுக்கு ரீவி பூட்டிக் கொடுத்தும் போய்விட்டானே என்று பதினைந்து வருடமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே," என்றேன்.

"நீங்களும் கேக்கேல்லை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றினோம் என்று சொல்லலாம். அது உண்மைதான். அப்படி ஒரு வேலையைச் செய்யக்கூடிய ஆள் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பினோம் என்பதும் உண்மைதான். எது பெரிய உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

நான் காரை எடுத்தேன். மார்க்கம் ரோட்டில் மூன்றாவது சிவப்பு விளக்கில் நிற்கும்போது திரையில் மறுபடி 'தம்பி' என்று விழுந்தது. நிஷாந்தியின் கை வழக்கம்போல நீண்டது. பிறகு நின்றது. என்னைப் பார்த்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா," என்றது பிரதீபனின் குரல், கார் முழுக்க. "தனியவோ இருக்கிறாய்?"

எத்தனை வருடமாக அவர்களுடைய பேச்சு இப்படித் தொடங்கியிருக்கும்? நான்தான் கதைத்தேன்.

"இல்லைத் தம்பி, நானும் இருக்கிறன். அத்தான்."

மற்றப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது.

"ஆ, அத்தான். சுகமா இருக்கிறீங்களோ?" என்றான், வேறொரு குரலில். "சும்மாதான் எடுத்தனான். அக்காவைப் பிறகு எடுக்கச் சொல்லுங்கோ."

அழைப்பு நின்றுவிட்டது. விளக்குப் பச்சைக்கு மாறியதைக் கவனிக்காமல் நான் நின்றபடியால் பின்னாலிருந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.